டேங்க் மூடியில் ஒரு சின்ன ஓட்டை



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள். மூன்று மாதமாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்ட விஷயம் இது. காரணம் வேறொன்றுமில்லை, வெட்கம்தான். முப்பத்து மூன்று வருடம் அறிவியல் பாடம் நடத்தியவன், எட்டாம் வகுப்புப் பாடத்தில் தோற்ற கதையை எழுத யாருக்குத்தான் கை வரும்?

என் அக்கா மகனை உங்களில் பலருக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் கடலுக்குப் போகிற கடைசி ஆள் அவன்தான். என் அப்பா கட்டுமரக்காரர். நான் படித்து வாத்தியாரானேன். கடற்கரையில் பிறந்தும் கடல் தெரியாதவன் என்று அக்கா இன்றும் என்னைக் கேலி செய்வாள். மருமகன் பத்து வருடமாக அடுத்தவர் வள்ளத்தில் பங்குக்குப் போய்க்கொண்டிருந்தான். சொந்தமாக ஒன்று வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. புதிது வாங்க வசதியில்லை. போன வருடம் பக்கத்து ஊரில் ஒருவர் ஃபைபர் வள்ளமும் 9.9 குதிரைத்திறன் எஞ்சினும் சேர்த்து விற்பதாகச் சொன்னார்கள். எஞ்சின் பழையது. ஆனால் கரையில் கயிற்றை இழுத்ததும் ஒரே இழுப்பில் பிடித்தது. பென்ஷன் பணத்தில் 60,000 ரூபாய் நான் கொடுத்தேன். மீதியை அவன் வட்டிக்கு வாங்கினான்.

கடல் பக்கம் வராத பிள்ளைகளுக்காக ஒரு விளக்கம். இது வள்ளத்தின் பின்பக்கம் மாட்டுகிற எஞ்சின். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். பெட்ரோலுக்குச் சின்ன டப்பா, மண்ணெண்ணெய்க்கு 24 லிட்டர் தகர டேங்க். டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகிற ரப்பர் குழாயின் நடுவில் கோழிமுட்டையைவிடப் பெரிதாக ஒரு ரப்பர் பல்ப் இருக்கும். முதலில் அதைக் கையால் அமுக்கி எண்ணெய் ஏற்றுவார்கள். பிறகு எஞ்சினே தன் சின்ன பம்பால் உறிஞ்சிக்கொள்ளும்.

வாங்கிய முதல் வாரமே கோளாறு ஆரம்பித்துவிட்டது. கரையை விட்டுக் கிளம்பி வேகமாக ஓட்டினால், இருபது முப்பது நிமிடத்தில் எஞ்சின் திணறி நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி இழுத்தால் பிடித்துக்கொள்ளும். அரை மணி ஓடும், மறுபடியும் நிற்கும். மெதுவாக ஓட்டினால் நிற்பதில்லை.

மருமகன் என்னிடம் வந்தான். "மாமா, நீங்க எஞ்சின் பாடமெல்லாம் நடத்துனவங்கதானே. ஒண்ணு பாருங்களேன்."

அந்த ஒரு வார்த்தை போதாதா? நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு நோட்டு எடுத்து முறைப்படி எழுதினேன். எஞ்சினுக்கு வேண்டியது மூன்று: எரிபொருள், காற்று, தீப்பொறி. நான்காவதாகக் குளிர்விக்கும் தண்ணீர். வீட்டு முற்றத்தில் பெரிய டிரம்மில் தண்ணீர் நிரப்பி, எஞ்சினை அதில் இறக்கி ஓட்டிப் பார்த்தோம். பக்கத்திலிருந்து தண்ணீர் நன்றாகப் பீச்சியது. குளிர்விப்பில் குறையில்லை. பிளக்கைக் கழற்றினோம். கரி பிடித்திருந்தது, புதிது போட்டோம். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தோம். பதினைந்து நிமிடம் ஓடவிட்டோம். தையல் மெஷின் மாதிரி ஓடியது. "சரியாயிட்டு, கொண்டு போ" என்றேன்.

மறுநாள் கடலில் நின்றது.

இப்போது நான் ஒரு முடிவுக்கு வந்தேன். ஓடினால் நிற்கிறது, ஓய்வு கொடுத்தால் ஓடுகிறது. அப்படியானால் இது சூட்டினால் வருகிற கோளாறு. தீப்பொறி தருகிற காயில் சூடாகும்போது வேலை செய்யாமல் போகிறது, ஆறினால் சரியாகிறது. பழைய எஞ்சின்களில் இப்படி நடப்பது உண்மைதான். எனக்கு ஒரே பெருமை. 4,500 ரூபாய்க்குப் பழைய காயில் ஒன்று தேடி வாங்கிப் போட்டோம். பணம் மருமகனுடையது.

அதற்கு அடுத்த வாரமும் நின்றது.

அன்று அவன் சொன்னதை நான் இப்போது வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். "மாமா, ஒண்ணு கவனிச்சேன். டேங்க் நிறைய ஊத்திட்டுப் போனாத்தான் சீக்கிரம் நிக்குது. பாதி டேங்க்னா ரொம்ப நேரம் ஓடுது."

நான் சிரித்தேன். "எஞ்சினுக்கு டேங்கில் எவ்வளவு இருக்குன்னு எப்படிடே தெரியும்? உறிஞ்சுறதுக்கு எண்ணெய் இருந்தாப் போதாதா? மனசுல தோணுறதை எல்லாம் சொல்லாதே" என்றேன். அவன் அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. வகுப்பில் எத்தனையோ பிள்ளைகள் இப்படி வாயை மூடிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். அன்று அது எனக்குத் தோன்றவில்லை.

பிறகு மண்ணெண்ணெயைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஒரு ராத்திரி வைத்தேன். அடியில் இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீர் நின்றது. அடடா, கண்டுபிடித்துவிட்டேன்! எஞ்சின் நிற்கும்போதெல்லாம் இவன் டேங்க் மூடியைத் திறந்து, குச்சி விட்டு எண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பான். அலைத் தண்ணீர் உள்ளே தெறிக்கிறது. மூடியின் வாஷரும் வெடித்துப் போயிருந்தது. நானே நாகர்கோவில் போய் நல்ல தடிமனான ரப்பர் வாஷர் வாங்கி வந்து இறுக்கமாகப் போட்டேன். டேங்கைக் கழுவி வடிகட்டிய எண்ணெய் ஊற்றச் சொன்னேன். "இனிமே கடல்ல வச்சு மூடியைத் திறக்கப்படாது. எவ்வளவு ஊத்துனேன்னு கணக்கு வச்சுக்கோ" என்று உத்தரவும் போட்டேன்.

அந்த உத்தரவுதான் அவனை நடுக்கடலில் நிறுத்தியது.

இரவு 2 மணிக்குக் கிளம்பினான். கூட ஒரு பையன். டேங்கில் 16 லிட்டர். அரை மணி நேரம் ஓடியதும் எஞ்சின் நின்றது. கரையிலிருந்து ஆறு கிலோமீட்டர் இருக்கும். எண்ணெய் இருப்பது தெரியும், அதனால் மாமா சொன்னபடி மூடியைத் திறக்கவில்லை. சும்மா ஆறவிட்டான். பெட்ரோலில் இழுத்தான், பிடித்தது. மண்ணெண்ணெய்க்கு மாற்றினான், நின்றது. மறுபடி பெட்ரோல், மறுபடி நின்றது. பெட்ரோல் டப்பாவில் இருந்தது அரை லிட்டர்தான். அதுவும் தீர்ந்தது. கடைசியில் மூடியைத் திறந்து பார்த்திருக்கிறான். ஆனால் ஆறிப்போன எஞ்சின் வெறும் மண்ணெண்ணெயில் பிடிக்குமா? நங்கூரக் கயிறு தரை எட்டவில்லை. நீவாடு இழுத்த பக்கம் வள்ளம் போய்க்கொண்டிருந்தது. நீவாடு என்றால் கடல் நீரோட்டம், எங்கள் கரைச் சொல். போனில் சிக்னல் இல்லை.

காலை 7 மணிக்கு வரவேண்டியவன் 10 மணி ஆகியும் வரவில்லை. அக்கா போய் மணலில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை, பேசவில்லை. எங்கள் குமரி மாவட்டத்துக் கரைகளில் அப்படி உட்கார்ந்த பெண்களை 2017 நவம்பர் கடைசியில், ஒக்கிப் புயலின்போது பார்த்திருக்கிறேன். அன்று எத்தனையோ வீட்டு ஆண்கள் திரும்பவே இல்லை. அக்கா பக்கத்தில் போய் நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை. வாஷரை இறுக்கிய கை என் கைதானே என்று அப்போது எனக்குத் தெரியாது. இருந்தாலும் ஏதோ தவறு செய்துவிட்டேன் என்று மனது சொல்லிக்கொண்டே இருந்தது.

பதினொன்றரை மணிக்கு வேறொரு வள்ளம் கயிறு கட்டி இழுத்து வந்தது. விடியும் முன்னே இவன் அடித்த டார்ச் வெளிச்சத்தை அவர்கள் பார்த்துத் தேடி வந்திருக்கிறார்கள். மருமகன் கரையில் குதித்ததும் என்னைப் பார்த்துக் கேட்டது, "மாமா, சாப்பிட்டாச்சா?" அவ்வளவுதான். "நான் அப்பவே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

அக்கா இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை.

மூன்றாம் நாள் என் பழைய மாணவன் ஒருவன் வந்தான். பெயர் போடக்கூடாது என்று சொல்லிவிட்டான், அதனால் போடவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, கடற்கரையில் எஞ்சின் மெக்கானிக்காக இருக்கிறான். மூன்று வருட வகுப்பில் அவன் குரலை நான் கேட்டது ஐந்தாறு தடவை இருக்கலாம். அவ்வளவு அமைதி. அவனை முதலிலேயே ஏன் கூப்பிடவில்லை என்று கேட்கிறீர்களா? எனக்கே தெரியும் என்று நினைத்தேன், அதுதான் காரணம்.

வந்தவன் எஞ்சினைத் தொடவே இல்லை. மருமகனைப் பக்கத்தில் உட்காரவைத்து, முதல் நாளிலிருந்து சொல்லச் சொன்னான். நடுவில் நான் விளக்கம் சொல்லப் போனேன். "சார், அவன் சொல்லட்டும் சார்" என்றான் மரியாதையாக. நான் உட்கார்ந்தேன்.

அவன் கேட்ட கேள்விகள் மூன்றே மூன்று.

"நின்ன உடனே முதல்ல என்ன செய்வே?"

"மூடியைத் திறந்து எண்ணெய் பாப்பேண்ணே."

"திறக்கும்போது சத்தம் ஏதும் கேக்குமா?"

"ஆமாண்ணே. உஸ்ஸுன்னு ஒரு சத்தம். அன்னைக்கு ராத்திரி ரொம்பப் பலமாக் கேட்டுது."

"சார் முற்றத்துல ஓட்டிப் பாத்தப்போ மண்ணெண்ணெய்லயா, பெட்ரோல்லயா?"

பெட்ரோலில்தான். முற்றத்தில் மண்ணெண்ணெய்ப் புகை வேண்டாம் என்று ஒவ்வொரு தடவையும் பெட்ரோல் டப்பாவிலேயே ஓட்டினோம். அதாவது, கடலில் கோளாறு செய்கிற டேங்கை நான் ஒருநாளும் சோதிக்கவே இல்லை! எஞ்சினை மட்டுமே திரும்பத் திரும்பச் சோதித்துக்கொண்டிருந்தேன்.

டேங்கை நிறைய நிரப்பச் சொன்னான். மேலே இரண்டு லிட்டர் அளவுதான் வெற்றிடம் இருந்தது. கரைக்குப் பக்கத்திலேயே, அலை இல்லாத இடத்தில் மூன்று பேரும் போனோம். பெட்ரோலையும் கூடுதலாக எடுத்துக்கொண்டான். மண்ணெண்ணெய்க்கு மாற்றி முழு வேகத்தில் வட்டம் சுற்றினோம். எட்டு நிமிடம் ஆகியிருக்கும், எஞ்சின் திணறியது. "சார், இந்தப் பல்பைப் பிடிச்சுப் பாருங்க" என்றான். பிடித்தேன். சப்பிப்போய், அமுக்கினால் எழும்பாமல் கிடந்தது. அவன் டேங்க் மூடியைத் திருகினான். உஸ்ஸ்ஸ் என்று காற்று உள்ளே போனது. என் கைக்குள்ளேயே பல்ப் உப்பி எழுந்தது. நான்கைந்து தடவை அமுக்கச் சொன்னான். நிற்கப்போன எஞ்சின் மறுபடி சீராக ஓடியது.

மூடியின் நடுவில் காற்றுப் போவதற்கென்று ஒரு திருகு இருக்க வேண்டும். பயணத்தில் சிந்தாமல் இருக்க மூடி வைப்பார்கள், ஓட்டும்போது திறக்க வேண்டும். அது எப்போதோ உடைந்துபோக, முன்பு வைத்திருந்தவர் எம்-சீல் வைத்து அடைத்து மேலே பெயின்ட் அடித்துவிட்டார். வெடித்த பழைய வாஷர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று போய்க்கொண்டிருந்ததால்தான் அதுவரை அரைகுறையாகவாவது ஓடியிருக்கிறது. அந்த வழியையும் நான் நாகர்கோவில் வாஷர் போட்டு அடைத்தேன். ஆறவிட்டதால் எஞ்சின் ஓடவில்லை. இவன் மூடியைத் திறந்து பார்த்ததால் ஓடியது. அதையும் செய்யாதே என்று உத்தரவு போட்டேன்.

நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அவன் எஞ்சினை மெதுவாக்கிவிட்டு, கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "சார், எட்டாம் வகுப்புல நீங்க ஒரு எண்ணெய் டின் கொண்டு வந்தீங்க. ஒரு ஓட்டை போட்டுக் கவுத்தா எண்ணெய் மடக் மடக்குன்னு வந்துச்சு. ரெண்டாவது ஓட்டை போட்டதும் நேரா ஊத்துச்சு. ஏன்னு கேட்டீங்க. எனக்கு அன்னைக்குப் பதில் தெரிஞ்சுது சார். சொல்லக் கூச்சமா இருந்துச்சு."

பிள்ளைகளே, அந்த டின்னை நான் ஒவ்வொரு வருடமும் கொண்டு வந்தேன். உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும்.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். ராபர்ட் பாயில் 1662-இல் வெளியிட்ட விதிதான். வெப்பநிலை மாறாதிருந்தால், அடைபட்ட வாயுவின் அழுத்தம் அதன் கன அளவுக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். நிறைந்த டேங்கில் காற்று 2 லிட்டர். எஞ்சின் மணிக்கு 4 லிட்டர் குடிக்கிறது என்று வையுங்கள். அரை லிட்டர் குடித்ததும் அந்த 2 லிட்டர் காற்று இரண்டரை லிட்டர் இடத்தில் பரவ வேண்டும். அழுத்தம் ஐந்தில் நான்கு பங்காகக் குறைந்துவிடும். இரண்டு மீட்டருக்கும் கீழே இருந்து எண்ணெயை உறிஞ்சி இழுப்பதற்குச் சமம் இது. சின்ன ரப்பர்த் தகடு துடித்து இழுக்கிற அந்தப் பம்பால் முடியாது. அரை லிட்டர் குடிக்க ஏழரை நிமிடம். நாங்கள் பார்த்தது எட்டு நிமிடம். அதே டேங்க் பாதி இருந்தால் காற்று 12 லிட்டர். அது 15 லிட்டராக விரிய, 3 லிட்டர் செலவாக வேண்டும். முக்கால் மணி நேரம் ஓடும். அன்று இரவு 16 லிட்டர் எண்ணெய், 8 லிட்டர் காற்று. கணக்குப்படி அரை மணி. அவன் நின்றது அரை மணியில்.

"டேங்க் நிறைய ஊத்தினாத்தான் சீக்கிரம் நிக்குது." என் மருமகன் பாயில் விதியைத்தான் சொல்லியிருக்கிறான். மனசுல தோணுறதைச் சொல்லாதே என்று வாத்தியார் அவன் வாயை அடைத்துவிட்டார்.

மெக்கானிக் அன்றே திருகு வைத்த நல்ல மூடி ஒன்றைப் போட்டான். அதோடு விடவில்லை. மறுநாள் வேண்டுமென்றே திருகை மூடி ஓட்டினான், நின்றது. திறந்து ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டினான், நிற்கவில்லை. "நோயை வரவழைச்சுக் காட்டினாத்தான் சார் வைத்தியம் சரின்னு நம்பலாம்" என்றான். மூடிக்குரிய விலையை மட்டும் வாங்கிக்கொண்டான். கூலி கொடுத்தேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

பழைய எஞ்சின் வாங்கப்போகிற, அல்லது பழைய பைக், பம்புசெட் என்று எதையாவது வைத்து அல்லாடுகிற பிள்ளைகளுக்கு நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலாவது, கோளாறு எங்கே வருகிறதோ அங்கே, அதே டேங்க், அதே வேகம், அதே நேரம் வைத்துச் சோதியுங்கள். கரையில் ஒரே இழுப்பில் பிடிப்பதை வைத்து விலை பேசாதீர்கள். ஒரு மணி நேரமாவது கடலில் ஓட்டிப் பாருங்கள்.

இரண்டாவது, எஞ்சின் திணறும்போதே பல்பைத் தொட்டுப் பாருங்கள். சப்பியிருந்தால் டேங்க் பக்கம் அடைப்பு: காற்றுத் திருகு, டேங்குக்குள் இருக்கும் வடிகட்டி, குழாய். பல்ப் கட்டியாக இருந்தும் நிற்கிறது என்றால், பம்ப், கார்புரேட்டர், தீப்பொறி என்று எஞ்சின் பக்கம் தேடுங்கள். தீப்பொறியை நின்ற உடனே பார்க்க வேண்டும். ஆறிய பிறகு பார்த்துப் பயனில்லை.

மூன்றாவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன், நின்றபோது என்னென்ன செய்தீர்கள் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். நான் "ஓய்வு கொடுத்தோம்" என்று எழுதினேன். "மூடியைத் திறந்தோம்" என்று எழுதவில்லை.

நான்காவது, பெட்ரோல் கூடுதலாக ஒரு கேன், சார்ஜ் உள்ள டார்ச், லைஃப் ஜாக்கெட், நீளமான நங்கூரக் கயிறு இல்லாமல் யாரும் இரவில் போகாதீர்கள். மருமகனுக்கு இவை நான்கையும் வாங்கிக் கொடுத்தேன். காயிலுக்குச் செலவான 4,500 ரூபாயையும் கொடுத்தேன். வேண்டாம் என்றான், அக்கா வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அதிலிருந்துதான் பேசத் தொடங்கினாள்.

கடைசியாக ஒன்று. என் வகுப்பில் உட்கார்ந்து, ஏதோ சொல்ல வாயெடுத்து, நான் சிரித்ததால் அல்லது அதட்டியதால் நிறுத்திக்கொண்டவர்கள் உங்களில் இருப்பீர்கள். யார் யார் என்று எனக்கு ஞாபகமில்லை. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அன்று சொல்ல வந்தது என்னவென்று இன்றும் நினைவிருந்தால் கீழே எழுதுங்கள். இந்த முறை குறுக்கே பேசாமல் படிக்கிறேன்.

மருமகன் இன்று அதிகாலை போனான். சற்றுமுன் வந்துவிட்டான். சாளையும் கொஞ்சம் அயிலையும் கிடைத்ததாம். அக்கா குழம்புக்குக் கூப்பிடுகிறாள். போய்விட்டு வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் சார்